ஒரு தடமா? இரு தடமா?

கணினிக் கடையொன்றில் இரண்டு மேசைக் கணினிகள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் ஒரே வகைச் செயலி. ஒரே அளவு சேமிப்பகம். விலைச்சீட்டில் இரண்டுக்கும் ‘16 ஜிபி ரேம்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஒன்றில் 16 ஜிபி கொண்ட ஒரேயோர் அட்டை செருகப்பட்டிருக்கிறது. மற்றொன்றில் 8 ஜிபி அட்டைகள் இரண்டு இருக்கின்றன. எட்டும் எட்டும் பதினாறுதானே, இதில் என்ன வேறுபாடு என்று கேட்கத் தோன்றும். வேறுபாடு உண்டு. முதல் கணினியில், நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே அமைக்கப்பட்ட இரண்டு வழிகளுள் ஒன்று பயன்படுத்தப்படாமலேயே கிடக்கிறது. விலைச்சீட்டு பொய் சொல்லவில்லை. முழுவதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

‘16 ஜிபி’ என்பது நினைவகத்தில் எவ்வளவு கொள்ளும் என்பதைக் காட்டும் எண். அந்நினைவகத்திலிருந்து தரவு எவ்வளவு விரைவாகச் செயலியை வந்தடையும் என்பது வேறொரு கணக்கு. பாத்திரம் பெரியதா என்பதும் அதன் வாய் அகலமானதா என்பதும் தனித்தனிக் கேள்விகள் அல்லவா? இக்கட்டுரை இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

முதலில், நினைவகத்துக்காகச் செயலி ஏன் காத்திருக்க வேண்டியுள்ளது என்பதைத் தெரிந்துகொள்வோம். இன்றைய கணினிகளில் உள்ள ரேம், டிரேம் எனும் வகையைச் சேர்ந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்ட் இதனை உருவாக்கி, 1968ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவருடைய வடிவமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஒரு பிட் தரவைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த எளிமையால்தான் விரல் நகம் அளவுள்ள சில்லுக்குள் பல நூறு கோடி பிட்டுகளை அடக்க முடிகிறது. ஆயினும், அந்தச் சின்னஞ்சிறு மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, பொதுவாக 64 மில்லி வினாடிகளுக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்து மீண்டும் நிரப்ப வேண்டும். மின்சாரம் தடைப்பட்டதும் சேமிக்காத கட்டுரை மறைந்துபோவதற்கும் இதுவே காரணம்.

இவ்வகை நினைவகத்திலிருந்து ஒரு தரவைத் தேடி எடுத்து வரச் சில பத்து நானோ வினாடிகள் ஆகின்றன. நமக்கு அது நேரமே இல்லை. ஆனால், வினாடிக்கு 400 கோடி முறை துடிக்கும் செயலிக்கு, அதற்குள் நூற்றுக்கணக்கான துடிப்புகள் கடந்துவிடும். போதாக்குறைக்கு, இன்றைய செயலிக்குள் ஒரு கருவகம் மட்டும் இருப்பதில்லை. ஆறு, எட்டு, பதினாறு என்று பல கருவகங்கள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே நேரத்தில் தரவு கேட்கின்றன. கேட்பவர் பலர், கொண்டு வரும் வழி ஒன்று என்றால் நெரிசல் ஏற்படத்தானே செய்யும்?

அந்த வழிக்குத்தான் தடம் என்று பெயர். கடைக்காரர்கள் ‘சேனல்’ என்பார்கள். இப்போது பெருமளவில் புழக்கத்தில் உள்ள டிடிஆர்4 வகை நினைவகத்தில், ஒரு தடம் 64 பிட் அகலமுடையது. அதாவது, ஒரே நேரத்தில் 64 பிட்டுகள், 64 தனித்தனி மின்கம்பிகள் வழியாக இணையாகச் செல்லும். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு என்பதை அறிவீர்கள். எனவே, ஒவ்வொரு முறையும் 8 பைட்டுகள் கடக்கின்றன. அட்டையின்மேல் ‘3200’ என்று அச்சிடப்பட்டிருந்தால், வினாடிக்கு 3200 மில்லியன் முறை இவ்வாறு கடக்கின்றன என்று பொருள். இரண்டையும் பெருக்குங்கள். வினாடிக்கு 25,600 மெகாபைட், அதாவது 25.6 ஜிகாபைட். இந்தக் கணக்கைச் சரிபார்க்க நீங்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. பல அட்டைகளின் ஒட்டுத்தாளில் ‘பிசி4-25600’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இந்தப் பெருக்கல் கணக்கின் விடைதான் அது.

தாய்ப்பலகையில் இத்தகைய தடங்கள் இரண்டு இருந்து, இரண்டும் ஒருசேர இயங்கினால் வினாடிக்கு 51.2 ஜிகாபைட் தரவு பாயலாம். ஒரு தடம் மட்டும் இயங்கினால் பாதிதான். நமது வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ள மேசைக் கணினிகளுள் பெரும்பாலானவை இரு தடங்கள் கொண்டவை. பெரிய நிறுவனங்களின் வழங்கிகளுக்கோ இதுவும் போதாது. 2022இல் ஏஎம்டி வெளியிட்ட எப்பிக் வகைச் செயலிக்குப் பன்னிரண்டு தடங்கள் உள்ளன.

இரண்டு தடங்கள் என்றதும் வேகம் இரு மடங்காகிவிடும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பினாங்கை எண்ணிப் பாருங்கள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் முதல் பாலம் 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் நீளம் 13.5 கிலோமீட்டர். பல்லாண்டுகளாகக் காலையிலும் மாலையிலும் வாகனங்கள் அதில் ஊர்ந்து சென்றன. 2014இல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. அதனால், ஒரு மணி நேரத்தில் கடலைக் கடக்கக்கூடிய வாகனங்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால், நள்ளிரவில் வெறிச்சோடிக் கிடக்கும் முதல் பாலத்தில் தனியாகச் செல்லும் காருக்கு இரண்டாம் பாலத்தால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. நினைவகத் தடங்களும் அப்படித்தான். ஒரே நேரத்தில் கடக்கும் தரவின் அளவு கூடும்; ஒற்றைத் தரவு வந்து சேர ஆகும் காத்திருப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

இந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. எந்தப் பாலத்தில் செல்வது என்பதை ஒவ்வோர் ஓட்டுநரும் தம் விருப்பப்படி முடிவு செய்கிறார். கணினியில் அந்த உரிமை தரவுக்கு இல்லை. நினைவகக் கட்டுப்பாட்டகம் எனும் பகுதி, தரவைச் சிறுசிறு பொதிகளாகப் பிரித்து, ஒன்றை முதல் தடத்துக்கும் அடுத்ததை இரண்டாம் தடத்துக்கும் என்று பங்கிட்டு வைக்கிறது. சீட்டாட்டத்தில் சீட்டுகளை இருவருக்கும் மாறி மாறிப் போடுவதைப் போன்றது இது. ஒரு பொதி பொதுவாக 64 பைட்டு. இப்படிப் பிரித்து வைத்ததால், நீண்டதொரு படக்கோப்பைச் செயலி கேட்கும்போது, இரு தடங்களும் ஒரே நேரத்தில் அள்ளி வழங்க முடிகிறது. ஒரேயோர் அட்டை மட்டும் இருந்தால் பிரித்து வைக்க வேறிடம் இல்லை. எல்லாப் பொதிகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இது புதிய சிக்கல் அன்று. அட்டைகளை இணையாகச் செருகும் வழக்கம் பழையது. 1993இல் இண்டெல் வெளியிட்ட பெண்டியம் செயலியின் தரவு வழி 64 பிட் அகலமுடையது. அக்காலத்து 72 முனை நினைவக அட்டையோ 32 பிட் அகலம்தான். ஆகவே, இரண்டு அட்டைகளைச் சேர்த்துச் செருகினால்தான் கணினி இயங்கும். ஒன்றை மட்டும் செருகினால் பெரும்பாலான தாய்ப்பலகைகளில் திரை இருண்டே கிடக்கும். பின்னர், 64 பிட் அகலமுள்ள டிம் எனும் அட்டை வந்தது; ஓர் அட்டையே போதும் என்ற நிலை ஏற்பட்டது. செயலிகளின் பசி மேலும் வளர்ந்ததால், 2001இல் என்விடியாவின் என்ஃபோர்ஸ் சில்லுத்தொகுதியும் 2003இல் இண்டெலின் 865 வகைச் சில்லுத்தொகுதியும் இரட்டைத் தடத்தைப் பொதுமக்களின் கணினிகளுக்குக் கொண்டுவந்தன.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. அன்று இணை சேராவிட்டால் கணினி இயங்க மறுத்தது. பயனரும் தவற்றை உடனே அறிந்துகொண்டார். இன்றோ ஓர் அட்டையைச் செருகினாலும், இரண்டு அட்டைகளைத் தவறான இடங்களில் செருகினாலும் கணினி ஓசையின்றி இயங்கத் தொடங்கிவிடுகிறது. எச்சரிக்கை ஒலி இல்லை. பிழைச் செய்தியும் பெரும்பாலும் இல்லை. நினைவகத்தின் மொத்த அளவும் சரியாகவே காட்டப்படும். பாதி வழி அடைபட்டிருப்பது தெரியாமலேயே ஒருவர் அக்கணினியை ஐந்தாறு ஆண்டுகள் பயன்படுத்திவிட முடியும். கொடுத்த பணத்துக்கு உரிய பயன் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல யாரும் இல்லை. இக்கட்டுரையை நீங்கள் படிக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

இப்போது தாய்ப்பலகையைப் பார்ப்போம். செயலியின் பக்கத்தில், நீண்ட குறுகலான செருகுவாய்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். இவற்றை ‘ஸ்லாட்’ என்றும் சொல்வர். சிறிய பலகைகளில் இரண்டு இருக்கும். சற்றுப் பெரியவற்றில் நான்கு இருக்கும். அவை செயலிக்கு இவ்வளவு அருகில் இருப்பது தற்செயல் அன்று. முற்காலத்தில் நினைவகக் கட்டுப்பாட்டகம் தாய்ப்பலகையின் வேறொரு சில்லில் இருந்தது. 2003இல் ஏஎம்டி நிறுவனமும் 2008இல் இண்டெல் நிறுவனமும் அதனைத் தத்தம் மேசைக் கணினிச் செயலிக்குள்ளேயே அமைக்கத் தொடங்கின. அன்று முதல் நினைவகக் கம்பிகள் செயலிக்கு நேராகவே செல்கின்றன.

வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்துப் பாருங்கள். செயலிக்கும் செருகுவாய்களுக்கும் இடையே மெல்லிய செப்புக் கோடுகள் தெரியும். அவற்றுள் சில, நேராகச் செல்லாமல் பாம்பைப்போல் நெளிந்து நெளிந்து செல்லும். அழகுக்காக அப்படி வரையவில்லை. 64 பிட்டுகளும் ஒரே கணத்தில் வந்து சேர வேண்டும். குறுக்கு வழியில் செல்லும் கோடு முந்திக்கொண்டால் தரவு பிழையாகிவிடும். அதனால், குட்டையான கோடுகளை வேண்டுமென்றே நெளியவிட்டு, நீளத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். நினைவக வேலையில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கணக்கில் வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான்கு செருகுவாய்கள் இருப்பதால் நான்கு தடங்கள் இருக்கின்றன என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படி இல்லை. சாதாரண மேசைக் கணினியில் தடங்கள் இரண்டுதான். ஒவ்வொரு தடத்திலும் இரண்டு செருகுவாய்கள் உள்ளன. முதல் தடத்தின் செருகுவாய்களை ஏ1, ஏ2 என்றும், இரண்டாம் தடத்தின் செருகுவாய்களை பி1, பி2 என்றும் பெரும்பாலான பலகைகளில் குறித்திருப்பார்கள். செயலியின் பக்கத்திலிருந்து எண்ணினால் வழக்கமான வரிசை ஏ1, ஏ2, பி1, பி2 என்று அமையும்.

தவறு நேரும் இடம் இதுதான். இரண்டு அட்டைகளை வாங்கி வருபவர், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு செருகுவாய்களில் அவற்றைச் செருகிவிடுகிறார். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால், ஏ1, ஏ2 இரண்டும் ஒரே தடத்தைச் சேர்ந்தவை. இரண்டு அட்டைகளும் ஒரே பாலத்தில் நிற்கின்றன. அடுத்த பாலம் காலியாகக் கிடக்கிறது. இரண்டு அட்டைக்குப் பணம் கொடுத்தும், கிடைத்தது ஒற்றைத் தடம்தான். அட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகினால் ஏ தடத்துக்கு ஒன்று, பி தடத்துக்கு ஒன்று என்று அமையும்.

ஒன்றுவிட்டு ஒன்று என்றால் ஏ1, பி1 ஆகியவற்றிலும் செருகலாமே? பயனர் கையேடுகளுள் பெரும்பாலானவை ஏ2, பி2 ஆகியவற்றையே பரிந்துரைக்கின்றன. அதாவது, செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். அருகில் இருப்பதை விட்டுவிட்டுத் தள்ளி இருப்பதைத் தேர்ந்தெடுப்பது விந்தையாகத் தோன்றலாம். காரணத்தை ஒரு கயிற்றால் விளக்கலாம். கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டி மறுமுனையை உதறினால், அலை சுவர்வரை சென்று மோதித் திரும்பி வரும். மின்சமிக்ஞையும் அவ்வாறே எதிரொலிக்கும். பல பலகைகளில், செயலியிலிருந்து வரும் கோடு முதலில் ஏ1ஐத் தொட்டு, பிறகு ஏ2இல் முடிகிறது. அட்டையை ஏ1இல் செருகினால், அதற்கு அப்பால் ஏ2வரை செல்லும் கோடு வெறும் வால்போல் தொங்கும். சமிக்ஞை அந்த வாலின் நுனிவரை சென்று எதிரொலித்துத் திரும்பி, அடுத்து வரும் சமிக்ஞையைக் கலக்கிவிடும். அட்டை ஏ2இல் இருந்தால் கோட்டின் முனையிலேயே அது அமர்ந்திருக்கும். அதிலுள்ள மின்தடைகள் சமிக்ஞையை உள்வாங்கி எதிரொலியை அடக்கிவிடும். வேகம் குறைந்த அட்டைகளில் இந்த வேறுபாடு வெளியே தெரியாது. வேகம் கூடக் கூட, தவறான இடத்தில் செருகிய அட்டை கணினியை அடிக்கடி முடங்கச் செய்யலாம். சில வேளைகளில் தொடங்கவே விடாது.

செருகுவாய்களின் நிறத்தை வைத்து முடிவு செய்யலாமா? எச்சரிக்கை தேவை. சில தயாரிப்பாளர்கள், முதலில் நிரப்ப வேண்டிய இணைக்கு ஒரே நிறம் தருகிறார்கள். வேறு சிலர், ஒரே தடத்தைச் சேர்ந்த செருகுவாய்களுக்கு ஒரே நிறம் தந்திருக்கிறார்கள். இன்னும் சில பலகைகளில் நான்கும் கறுப்பாகவே இருக்கும். இதற்குப் பொது விதி இல்லாதது பெருங்குறை என்றே சொல்ல வேண்டும். பலகையின்மேல் அச்சிட்டுள்ள குறியீட்டையும் கையேட்டையும் நம்புவதே நல்லது. கையேடு தொலைந்துவிட்டால், பலகையின் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் அகப்பக்கத்தில் தேடிப் பெறலாம்.

நான்கு செருகுவாய்களையும் நிரப்பிவிட்டால் இன்னும் வேகமாகுமா? ஆகாது. தடங்கள் இரண்டே என்பதால், அகலம் கூடுவதில்லை. மாறாக, ஒரே கோட்டில் இரண்டு அட்டைகள் தொங்குவதால், சமிக்ஞைக்குச் சுமை கூடுகிறது. கட்டுப்பாட்டகம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள நேரிடும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகளை எடுத்துக்கொள்வோம். டிடிஆர்5 அட்டைகள் இரண்டு இருந்தால் 5200 எனும் வேகத்துக்கு அந்நிறுவனம் உறுதியளிக்கிறது. நான்கு இருந்தால் 3600க்கு மட்டுமே. 32 ஜிபி வேண்டுமானால், நான்கு 8 ஜிபி அட்டைகளைவிட இரண்டு 16 ஜிபி அட்டைகளே மேல்.

டிடிஆர்5 என்ற பெயர் வந்துவிட்டதால், அதைப் பற்றிய குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். 2020இல் தரப்படுத்தப்பட்ட இவ்வகை அட்டையின் 64 பிட் அகலம், 32 பிட் கொண்ட இரண்டு துணைத் தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இதனால், சில மென்பொருள்கள் ஒற்றை அட்டையையே இரண்டு தடங்கள் என்று காட்டும். ‘ஒரு டிடிஆர்5 அட்டை போதும், அதிலேயே இரட்டைத் தடம் இருக்கிறது’ என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. நம்பிவிடாதீர்கள். ஒன்றை இரண்டாகப் பிளந்ததால் மொத்த அகலம் கூடவில்லை. 32ம் 32ம் சேர்ந்தால் அதே 64தான். முழு அகலமான 128 பிட்டைப் பெற இரண்டு அட்டைகள் தேவை.

அளவு வேறுபட்ட அட்டைகளைச் சேர்த்துச் செருகலாமா என்ற கேள்வி, மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி எழும். பல மடிக்கணினிகளில் 8 ஜிபி நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். கூடுதலாக ஒரு செருகுவாய் மட்டும் காலியாக இருக்கும். அதில் 8 ஜிபி அட்டையைச் செருகினால், மொத்தம் 16 ஜிபியும் இரட்டைத் தடத்தில் இயங்கும். 16 ஜிபி அட்டையைச் செருகினால், மொத்தம் 24 ஜிபி கிடைக்கும். கட்டுப்பாட்டகம் இரு பக்கத்திலும் எட்டு எட்டாக 16 ஜிபியை இணைத்து இரட்டைத் தடத்தில் இயக்கும்; மிஞ்சிய 8 ஜிபியை ஒற்றைத் தடத்தில் இயக்கும்.

இவற்றுள் எது சிறந்தது? எழுதுவது, இணையத்தில் தேடுவது, இணையவழி வகுப்பில் கலந்துகொள்வது ஆகியவற்றுக்கு 16 ஜிபி போதும். பெரிய காணொளிகளைத் தொகுப்பவருக்கு 24 ஜிபியே ஏற்றது. ஏனெனில், நினைவகம் நிரம்பிவிட்டால், கணினி மீதித் தரவைச் சேமிப்பகத்துக்கு மாற்றி மாற்றி எடுக்கும். சேமிப்பகம் எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும், ரேமைவிடப் பன்மடங்கு மெதுவானது. தடம் ஒன்று குறைவதால் ஏற்படும் இழப்பு, கொள்ளளவு போதாமல் ஏற்படும் இழப்பின் முன் சிறியதே. முதலில் போதிய அளவு, பிறகே தடம்.

தடத்தால் விளையும் பயனும் எல்லா வேலைகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. செயலிக்குள் இடைமாற்று நினைவகம் எனும் சிறிய, மிக விரைவான சேமிப்பிடம் உண்டு. கட்டுரை தட்டச்சு செய்யும்போது தேவையான தரவு பெரும்பாலும் அதற்குள்ளேயே இருந்துவிடும். ஆகவே, ஒரு தடமா, இரு தடமா என்று கண்டுபிடிக்கவே முடியாது. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் நிலைமை வேறு. அங்கே திரையில் தோன்றும் படங்களை உருவாக்கும் பகுதி, செயலிக்குள்ளேயே குடியிருக்கிறது. தனக்கென்று நினைவகம் இல்லாததால் பொது ரேமையே பயன்படுத்துகிறது. முப்பரிமாண விளையாட்டையோ வடிவமைப்பு மென்பொருளையோ இயக்கினால், தரவு வெள்ளமாகப் பாய வேண்டியிருக்கும். அத்தகைய கணினியில் இரண்டாவது தடம் திறந்ததும் காட்சிகள் சீராக ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். விலை குறைந்த கணினிகளில்தான் இவ்வகைச் செயலிகள் மிகுதி. அவற்றில்தான் செலவைக் குறைப்பதற்காக ஒற்றை அட்டையும் பொருத்தப்படுகிறது. யாருக்கு இரண்டாம் தடம் அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது கிடைக்காமல் போகிறது.

உங்கள் வீட்டுக் கணினியின் நிலையை அறிவது எளிது. விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பகுதிக்குச் சென்றால், எத்தனை செருகுவாய்கள் உள்ளன, அவற்றுள் எத்தனை நிரம்பியுள்ளன, நினைவகம் எந்த வேகத்தில் இயங்குகிறது ஆகிய விவரங்கள் பொதுவாகத் தெரியும். இரண்டு நிரம்பியிருப்பதாகக் காட்டினால் மட்டும் மகிழ்ந்துவிட முடியாது. அவை ஒரே தடத்தில் இருக்கலாம். சிபியு-இசட் எனும் இலவச மென்பொருள் தடத்தின் நிலையைத் தனியாகக் காட்டும். வேகத்தையும் பாருங்கள். 3600 என்று அச்சிட்ட அட்டை 2133 அல்லது 2666இல் இயங்குவது அரிதன்று. விளம்பரப்படுத்திய வேகத்தைப் பெற, கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ எனும் தெரிவைச் செயற்படுத்த வேண்டியிருக்கும்.

அட்டையை மாற்றிச் செருக நேர்ந்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். கணினியை அணைத்து மின்கம்பியைக் கழற்றிவிட வேண்டும். உடலில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும் என்பதால், வண்ணம் பூசாத உலோகப் பகுதியை முதலில் தொடுங்கள். அட்டையின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் மேசைக் கணினியில் 288 முனைகளே என்றாலும், வெட்டின் இடம் வேறு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருக முடியாது. வெட்டைப் பொருத்தி, இரு முனைகளிலும் சமமாக அழுத்தினால், ‘டக்’ என்ற ஒலியோடு தாழ்ப்பாள் பிடித்துக்கொள்ளும். உட்காராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள்; வெட்டு பொருந்தவில்லை என்று பொருள்.

இத்தொழில்நுட்பம் நமக்கு அந்நியமானதன்று. 1972ஆம் ஆண்டு, இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையைப் பினாங்கின் பாயான் லெப்பாசில் தொடங்கியபோது, அது முதன்மையாக நினைவகச் சில்லுகளை விற்ற நிறுவனமாகவே இருந்தது. நினைவகத் தயாரிப்பில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றான மைக்ரோனும் இன்று பத்து காவானில் தொழிற்சாலை நடத்துகிறது. முன்பு குறிப்பிட்ட இரண்டாம் பாலம் பெருநிலத்தைத் தொடுவது அந்தப் பத்து காவானில்தான்.

மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இப்போது செருகுவாயே இருப்பதில்லை. முழு நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டு வருகிறது. தடங்கள் சரியாக அமைந்திருக்கும். ஆனால், பின்னர் கூட்டவோ பழுதானால் மாற்றவோ வழியில்லை. அத்தகைய கணினியை வாங்கும் நாளிலேயே, நான்கைந்து ஆண்டுகளுக்குப் போதுமான அளவைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இதற்கு ஒரு மாற்றும் வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் தரப்படுத்தப்பட்ட கேம்2 எனும் புதுவகை அட்டை, செங்குத்தாக நிற்காமல் பலகையின்மேல் தட்டையாகப் படுத்து, திருகாணிகளால் இறுக்கப்படுகிறது. மடிக்கணினிக்கான எல்பிகேம்2 வகையில், ஒரேயோர் அட்டையே 128 பிட் அகலத்தையும் தந்துவிடுகிறது. அத்தகைய கணினியைத் திறந்து பார்ப்பவர் ஏ2, பி2 எனும் குறியீடுகளைத் தேட வேண்டியிருக்காது.